இருமலுக்கு ஏது மொழி?

புள்ளிராஜாவை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்வி. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் இந்த ஆள், இவருக்கு வந்தால் நமக்கென்ன என்று டீக்கடையிலும் சலூனிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேச்சு. பெயரைக் கேட்டாலே சிரிப்பு. வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்பட்ட ஒரு நோயைப் பற்றி ஊரே பேசியது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகச் செய்த விளம்பரம் அது.

அது ஏன் எடுபட்டது? ‘பாதுகாப்பான உறவைக் கடைப்பிடிப்பீர்’ என்று மேடையேறி உபதேசம் பண்ணவில்லை. நம்ம தெருவில் இறங்கி, நம்ம பாஷையில் வம்பு பேசியது. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது ஒரு சின்னக் கற்பனை செய்யுங்கள். அதே விளம்பரத்தை வரிக்கு வரி ஒடியாவில் பெயர்த்து, திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றின் வாசலில் ஒட்டுகிறோம். ஒடிசாவின் பலாங்கீர் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து கல் அறுக்கிறவருக்கு அதில் என்ன புரியும்? புள்ளியும் புரியாது, ராஜாவும் புரியாது. சிரிப்பு வராது. சிரிப்பு வராத இடத்தில் பேச்சும் வராது. வாசிக்கவே தெரியாதவராக இருந்தால், அது சுவரில் ஒட்டிய இன்னொரு காகிதம்.

ஆனால் நோய் மட்டும் மொழி பார்த்து வருவதில்லை. காசநோய்க் கிருமி ஆதார் கார்டு கேட்பதில்லை. மலேரியா கொசு, ‘நீ எந்த ஊருப்பா?’ என்று விசாரித்துவிட்டுக் கடிப்பதில்லை.

*

தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? 2016-ல் தொழிலாளர் துறை எடுத்த கணக்கிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் ஃபவுண்டரி, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை, சென்னை மெட்ரோ வேலை, ஓட்டல் அடுக்களை, பார்லர், பானிபூரி வண்டி... நீங்கள் குடியிருக்கிற அபார்ட்மெண்ட்டுக்குச் சுவர் எழுப்பியவரும் அநேகமாக அவர்களில் ஒருவர்தான்.

இவர்களுக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதற்காக நாம் தாராளமாகப் பெருமைப்படலாம்.

ஆனால் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார், அல்லது யாராவது தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நோய்த்தடுப்பு அப்படியில்லை. அதற்கு நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். இன்னும் நோயாளியாகாத ஒரு மனிதரிடம், ‘இப்படிச் செய்தால் உனக்கு வராது’ என்று நம்பவைக்க வேண்டும். இது மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை. இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரைப் பாருங்கள். ‘இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.’ நல்ல வாசகம். எளிமையான தமிழ். மருத்துவரீதியாக நூற்றுக்கு நூறு சரி. நமக்கு எழுதியது என்ற முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதையே ஜார்கண்டிலிருந்து நூற்பாலைக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து வாசியுங்கள். அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன பாருங்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அந்தச் சுவர் இருக்கிற இடத்துக்கு அவர் வருவார். பகலில் அவருக்கு நேரம் இருக்கும். ஒரு நாள் கூலி போனால் பரவாயில்லை. விடுதியை விட்டு வெளியே போக வார்டன் விடுவார். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவருக்கு எது தூசி இருமல், எது நோய் இருமல் என்று பிரித்துச் சொல்ல யாராவது இருப்பார்கள். கடைசியாக, நோய் என்று தெரிந்தால் வேலை போகாது.

ஏழு அனுமானங்கள். ஒன்று தப்பினாலும் அந்த வாசகம் செத்துப்போகும். நிஜத்தில் எத்தனை தப்புகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘நாங்க சொல்லிட்டோமே’ என்பது அதிகாரியின் பதில். சொன்னது வேறு, அவர் காதில் விழுந்தது வேறு, விழுந்ததைச் செய்ய அவரால் முடிந்தது வேறு. மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குப் பெயர் நோய்த்தடுப்பு. முதலாவதோடு நின்றால் அதற்குப் பெயர் போஸ்டர்.

*

சரி, அவர் எப்படியோ டாக்டரிடம் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே யார் மொழிபெயர்ப்பது?

அநேகமாக, கூட்டிவந்த மேஸ்திரி. அல்லது கம்பெனி சூப்பர்வைசர். இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்த ஆள். ‘என்னம்மா உடம்புக்கு?’ என்று டாக்டர் கேட்கிறார். அந்தப் பெண்ணுக்கு வெள்ளைப்படுதல். அல்லது மூன்று மாதமாக மாதவிலக்கு நின்றுபோயிருக்கிறது. அதை, நாளை காலை தனக்கு ஷிப்ட் போடப்போகிற ஓர் ஆணிடம் அவர் எப்படிச் சொல்வார்? ‘வயித்து வலியாம் டாக்டர்’ என்பதோடு முடிந்துவிடும். ஒரு மாத்திரை எழுதித் தருவார்கள். அடுத்த நோயாளி வருவார்.

இருமலோடு போன ஆணின் கதையும் இதேதான். காசநோய் என்ற செய்தி நோயாளிக்குப் போவதற்கு முன்னால் முதலாளிக்குப் போய்விடுகிறது. ‘ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கப்பா’ என்று கணக்கு முடித்து ரயிலேற்றிவிட்டால், அவர் மருந்தை எங்கே தொடர்வார்?

காசநோய்க்கு, சாதாரண வகையாக இருந்தாலே, ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து, உடம்பு தேறிவிட்டது மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்துச் சத் பூஜை வரும், ஹோலி வரும், ஊரில் கல்யாணம் வரும். மருந்து பாதியில் நிற்கும். கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும். அடுத்த தடவை வருவது சாதாரண மருந்துக்கு மசியாத காசநோய்.

இதற்கு அரசாங்கத்திடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ‘நிக்‌ஷய்’ என்ற கணினிப் பதிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. திருப்பூரில் தொடங்கிய சிகிச்சையை அதை வைத்துப் பீகாரில் தொடரலாம். சத்தான சாப்பாட்டுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள்; 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். எல்லாம் இருக்கிறது. ‘ஊருக்குப் போறப்போ இந்த நம்பரை மறக்காம கொண்டு போ, அங்கே காட்டு’ என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டம் ஒரு வாக்கியத்தில் தடுக்கி விழுவது இப்படித்தான்.

*

இந்த இடத்தில் உங்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. ‘அப்போ ஆஸ்பத்திரியில இந்தி போர்டு வைக்கணும்னு சொல்றீங்களா? 1965-ல எதுக்குப் போராடினோம்?’

நியாயமான கேள்வி. தயங்காமல் பதில் சொல்கிறேன். 1965-ல் நம் பிள்ளைகள் போராடியது, எனக்குப் புரியாத மொழியில் என் வாழ்க்கையை நடத்தாதே என்பதற்காக. அந்த நியாயம் தமிழனுக்கு மட்டும் எழுதிவைத்த பட்டா இல்லை. நோய் பற்றிய செய்தியைத் தன் மொழியில் கேட்க ஒரு சந்தாலிப் பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. நம் கொள்கையை நிஜமாகவே நம்புகிறோமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்று. இந்தியில் ஒரு போர்டு வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. வடக்கிலிருந்து வந்தவரெல்லாம் நமக்கு ‘இந்திக்காரன்’. இன்னும் மட்டமாக, ‘வடக்கன்’. ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா. மேற்கு வங்கத்துக்காரர் பேசுவது வங்காளி. அசாமிலிருந்து வருகிறவர் அசாமியாவோ போடோவோ பேசலாம். பீகாரிலேயே மைதிலி உண்டு, போஜ்புரி உண்டு. மைதிலி, சந்தாலி, போடோ மூன்றும் 2003-ல் சட்டத் திருத்தம் செய்து அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. இவர்கள் எல்லாருக்கும் இந்தி ஒன்றே போதும் என்று முடிவு கட்டினால், டெல்லி நம்மிடம் செய்கிற அதே வேலையை நாம் அவர்களிடம் செய்கிறோம்.

நமக்கு மனசு வைத்தால் முடியாததா? 2023 பிப்ரவரி, மார்ச்சில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயிலேற ஆரம்பித்தார்கள். ஆர்டர் நின்றுவிடுமே என்று கம்பெனிகளுக்குக் கலக்கம். உடனே இந்தியில் அறிக்கைகள் வந்தன, உதவி எண்கள் வந்தன, போலீஸ் அதிகாரிகளே தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். செய்ததெல்லாம் சரி. பாராட்டுகிறேன். என் கேள்வி ஒன்றுதான். அவர்கள் போய்விடுவார்களோ என்ற பயம் வந்தபோது கிடைத்த மொழி, அவர்கள் இருமும்போது ஏன் கிடைக்கவில்லை?

*

அந்நிய ஊரில் மொழி தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடியவர்களில் பல்லாயிரம் பேர் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மன் தெரியாது, பிரெஞ்சு தெரியாது. அம்மாவின் வியாதியை டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பத்து வயதுப் பையனிடம் ஒரு தாய் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள்?

சுவிஸ் அரசாங்கம் 2002-ல், குடியேறியவர்களின் ஆரோக்கியத்துக்கென்றே தனியாக ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. அங்கே செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிற ‘மிகெஸ்பிளஸ்’ என்ற சேவையில் சுகாதாரக் கையேடுகள் பல மொழிகளில் கிடைக்கின்றன. தமிழும் அதில் ஒன்று. 2011-லிருந்து டாக்டரும் நோயாளியும் போன் மூலமாகவே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுப் பேச தேசிய அளவில் ஏற்பாடு இருக்கிறது. அங்கே எல்லாமே சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் கொடுப்பது என்ற இழுபறி அங்கேயும் உண்டு. ஆனால் அடிப்படை அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. புரியாமல் போன நோயாளி, நோய் முற்றித்தான் திரும்பி வருவார். அப்போது ஆகிற செலவு மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்தைவிடப் பெரியது. இது கருணை இல்லை, கணக்கு.

அப்படியானால் மொழி ஒன்றைச் சரிசெய்தால் போதுமா? போதாது என்பதற்கும் நம் ஆட்களே சாட்சி.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆஸ்பத்திரியில் தமிழ், ரயிலில் தமிழ். அங்கே தொழிலாளர் விடுதிகளில் வங்கதேசத்துக்காரர்களோடு தமிழர்களும் ஏராளம். 2020-ல் கொரோனா வந்தபோது தமிழிலும் வங்காளியிலும் அறிவிப்புகள் போனதில் குறையில்லை. என்ன ஆயிற்று? அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே கணக்குச் சொன்னது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிட்டத்தட்ட பாதிப் பேர்!

காரணம் எளிது. ‘இடைவெளி விட்டு நில்லுங்கள்’ என்று சுத்தத் தமிழில் சொல்லலாம். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் பத்துப் பதினைந்து பேர் படுக்கிற இடத்தில் எங்கே இடைவெளி விடுவது? புரிந்தது, ஆனால் செய்ய முடியவில்லை. அதன் பிறகுதான், புதிதாகக் கட்டுகிற விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். அதாவது, அறிவுரையை விட்டுவிட்டு அறையைத் திருத்த ஆரம்பித்தார்கள்.

நம் ஊர்த் தகரக் கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். ‘கை கழுவுங்கள்’ என்கிறோம். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. ‘கொசு வலைக்குள் தூங்குங்கள்’ என்கிறோம். வலை கட்ட ஆணி அடிக்க இடமில்லை. 1979-ல் போட்ட வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே, தங்க ஒழுங்கான இடமும் இலவச மருத்துவ வசதியும் ஒப்பந்தக்காரர் தர வேண்டும் என்றது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. கொட்டகை அதே இடத்தில்தான் நிற்கிறது.

*

‘இடம் மாறிக்கிட்டே இருக்கிறவங்களை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது. போலியோ.

இயற்கையாகப் பரவும் போலியோ வகையில் இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சின்னக் குழந்தை. அதற்குப் பிறகு அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. எப்படி முடிந்தது? சொட்டு மருந்தைச் சென்டரில் வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிட்டதால் இல்லை. ரயில் நிலையத்தில் நின்றார்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள், ஓடுகிற ரயிலுக்குள் ஏறினார்கள். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கிற இடம், நாடோடிகள் கூடாரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தேடிப் போனார்கள். இடம் மாறுகிறவர்களை விட்டால் போலியோ போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, முடியாது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். ஒரு தடவை முடிந்திருக்கிறது.

கேரளத்தை எட்டிப் பாருங்கள். அங்கே இவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘அதிதி தொழிலாளி’, விருந்தாளித் தொழிலாளி. வெறும் பெயரோடு நிறுத்தவில்லை. 2017-ல் ‘ஆவாஸ்’ என்று இவர்களுக்கென்றே ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். எர்ணாகுளம் பக்கம் 2020-லிருந்து ‘பந்து’ என்ற நடமாடும் கிளினிக், தொழிலாளர்கள் தங்கியிருக்கிற இடத்துக்கே போகிறது.

நம்மிடமும் விதை இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் வந்தது. அதை வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024 ஜனவரியில் வந்தது. 2023-ல் நகரங்களில் 500 நலவாழ்வு மையங்கள் திறந்தார்கள். அவை மாலையிலும் இயங்குகின்றன. நல்ல ஆரம்பம். பெரிய தொழிற்சாலைக்குள் போகிற அந்த வண்டி செங்கல் சூளைக்குள்ளும் போகட்டும். ஓட்டல் அடுக்களைக்குப் பின்பக்கம், பாத்திரம் துலக்குகிற இடத்துக்கும் போகட்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை. காகிதத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டுங்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒடியா, வங்காளி, அசாமியா, மைதிலி, சந்தாலியில் ஒரு நிமிடக் குரல் பதிவுக்கு என்ன செலவாகிவிடப்போகிறது? பல வருஷமாக இங்கேயே இருந்து தமிழ் கற்றுக்கொண்ட தொழிலாளர்கள், முக்கியமாகப் பெண்கள், ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்குங்கள். அவர்கள் முதலாளியின் ஆளாக இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். போகிற நேரம் ராத்திரி எட்டு மணியாக இருக்கட்டும், கிழமை ஞாயிறாக இருக்கட்டும். காசநோய் வந்தவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்பதை முதலாளிகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரால் மற்றவர்களுக்குத் தொற்றுகிற ஆபத்து சீக்கிரமே குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துரத்திவிடப்பட்டு, மருந்தை நிறுத்தியவரால்தான் ஆபத்து அதிகம்.

அப்புறம் புள்ளிராஜா. அவரை மொழிபெயர்க்க வேண்டாம். ஒடியாக்காரர்களின் டீக்கடைப் பேச்சு தெரிந்த ஓர் ஒடியாக்காரரையே கூப்பிட்டு, அவர்கள் சிரிக்கிற மாதிரி ஓர் ஆளை உருவாக்கச் சொல்லுங்கள். அந்த ஆளின் பெயர் நமக்குப் புரியாமல் இருந்தால் பரவாயில்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, எனக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில், கடையில், ஓட்டலில், ரொம்ப நாளாக இருமிக்கொண்டிருக்கிற ஒருவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர் பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது என்பதை, கையை ஆட்டியாவது சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.

உங்களுக்கு இந்தி தெரியாதா? பரவாயில்லை. அநேகமாக அவருக்கும் சரியாகத் தெரியாது.